முதுகைக் காட்டி நில், ஜாஸ்மின்

அத்தியாயம் 9

"…எட்டு மாசமா அந்தக் கீபோர்டத் தட்டுதா. மூளை எங்கட்டி வளந்திருக்கு, காட்டு பாப்போம்."

"கரும்பே பத்து மாசம் கேக்கு. மூளைக்கு எட்டு மாசம் பத்துமாக்கும்."

"ஸ்கூல்ல மந்தம்னு சொல்லிட்டாக. நீ இன்னும் பஸ் ஏறிக்கிட்டே இருக்க."

"மந்தம்னு அவுக சொல்லல. தனிக் கவனம் வேணும்னாக. மந்தம்ங்கிறது உங்க வார்த்தை."

காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஞானபாக்கியம், கையிலிருந்த போர்வையை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். உதறினால் அந்தச் சத்தத்தில் அடுத்த வார்த்தை கேட்காமல் போய்விடும்.

தம்பி வீட்டுச் சண்டை அவளுக்குப் புதிது இல்லை. ஆனால் இன்றைக்கு பெலிக்ஸின் குரல் உயரவே இல்லை. தறியில் வேலை பார்க்கிறவன், உப்பு கேட்டாலே தெருவுக்குக் கேட்கும்படிக் கேட்கிறவன், இப்படித் தணிந்து பேசினால் ஏதோ முடிவு எடுத்துவிட்டான் என்று அர்த்தம். அக்காவுக்கு அது தெரியும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெலிக்ஸும் ஹெப்சிபாவும் இராஜபாளையத்துக்காரர்கள். அவன் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் இருக்கிறான். அவள் நூல் மில்லில் நூல் முறுக்குகிற ரிங் பிரேம் மெஷினைப் பார்க்கிறாள். ஒரே பிள்ளை ஜாஸ்மின், வயது ஏழு, இரண்டாம் வகுப்பு. டிக்டேஷன் போட்டால் எழுதுவதில்லை, கேள்வி கேட்டால் விழிக்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பள்ளியிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. போன வாரம் ஒரு தாள் வந்தது. எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்கிறோம் என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே 'காரணம்' என்று ஒரு கோடு. அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்து. திங்கட்கிழமைக்குள் தர வேண்டும்.

அந்தத் தாள் ஒரு வாரமாக அலமாரியில் பைபிளுக்கு அடியில் கிடக்கிறது.

இன்று சனிக்கிழமை. ஹெப்சிபாவுக்கு வார லீவு. பெலிக்ஸ் இராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து இன்னும் பனியனைக்கூடக் கழற்றவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்பனா டீச்சர் நடத்துகிற கீபோர்டு வகுப்பில் இன்றைக்கு மாதிரித் தேர்வு என்றாள் ஹெப்சிபா. பிள்ளை நன்றாக வாசித்தால் டீச்சரிடம் ஒரு கடிதம் வாங்கி வருவதாகவும், மூளை நன்றாக வேலை செய்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால் அதைத் திங்கட்கிழமை பள்ளியில் காட்டலாம் என்றும் சொன்னாள்.

"எனக்குத் தூக்கம் வருதுட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு பெலிக்ஸ் பாயை விரித்தான்.

ஜாஸ்மின் வாசலில் நிறுத்தியிருந்த அப்பாவின் வண்டி மேல் உட்கார்ந்து, மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெப்சிபா வெளியே வந்து அவள் தோளைத் தட்டினாள். பிள்ளை திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தது.

"போலாமா?"

"போலாம்."

*

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம் ஜாஸ்மின். இடது பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருந்தது. ஹெப்சிபாவுக்குக் கண் எரிந்தது. ஆறு நாள் நின்ற கால் ஏழாவது நாள் உட்கார்ந்தாலும் நிற்பது போலவே வலித்தது.

ஜாஸ்மின் அவள் பக்கம் திரும்பி, "மந்தம்னா என்னம்மா?" என்று கேட்டாள்.

ஹெப்சிபா சட்டென்று நிமிர்ந்தாள். யார் சொன்னது என்று கேட்டாள்.

"அப்பா சொன்னாக. ஜன்னல் வழியா பாத்தேன்."

'கேட்டேன்' என்று சொல்லத் தெரியவில்லை பாருங்கள், 'பாத்தேன்' என்கிறது. இதைத்தான் பள்ளியில் சொல்கிறார்கள் போல. ஏழு வயதாகியும் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் வார்த்தை மாறுகிறது. ஹெப்சிபா திருத்தவில்லை. திருத்திச் சலித்துவிட்டது.

மந்தம் என்றால் மெதுவாகச் செய்கிறவர்கள் என்று சொன்னாள்.

"நான் மெதுவாவா செய்றேன்?"

"இல்ல. நீ செத்த நேரம் கழிச்சுச் செய்வ. அம்புட்டுதான்."

அந்தப் பதில் பிள்ளைக்குப் போதுமானதாக இருந்தது. மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஹெப்சிபா இரண்டு தடவை ஏதோ கேட்டாள். பதில் வரவில்லை. பிள்ளைக்கும் மனசு சரியில்லை என்று நினைத்து விட்டுவிட்டாள்.

அவள் பர்சில் ஒரு நோட்டீஸ் நாலாக மடித்து இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டில் கையில் திணித்தது. ஒரு தலைப் படம், உள்ளே மூளை, ஒரு பாதி நீலம், ஒரு பாதி ஆரஞ்சு. 'உங்கள் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இசை' என்று மேலே போட்டிருந்தது. அதைப் படித்த அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். ஜெபம் பண்ணும்போதுகூட 'ஆண்டவரே, இவ மூளையை வளர்த்துத் தாரும்' என்றுதான் கேட்பாள். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

*

கல்பனா டீச்சரின் வகுப்பு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும் அவருக்கு. காலையில் ஒரு பள்ளியில் மியூசிக் டீச்சர், மாலையிலும் சனி ஞாயிறும் இங்கே. எப்போது பார்த்தாலும் தொண்டை கட்டியிருக்கும்.

ஐந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். அம்மாக்கள் சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜாஸ்மின் மூன்றாவது.

இரண்டு பாட்டு வாசித்தாள். ஒரு விரல்கூடத் தப்பவில்லை. டீச்சர் எதிரில் உட்கார்ந்து ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், அந்த விரல் எங்கே போனதோ அங்கேயே இவள் விரலும் போகும். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஆகிற பாட்டை இவள் ஒரே நாளில் எடுத்துவிடுவாள் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். பக்கத்து நாற்காலி அம்மா, "உங்க பாப்பாவா?" என்று கேட்டாள். ஹெப்சிபா தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று இருந்தது.

அடுத்தது காதுத் தேர்வு. வருகிற மாதம் நடக்கப்போகிற கிரேடு தேர்வில் அதுவும் உண்டு. பிள்ளை கீபோர்டுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். டீச்சர் இரண்டு ஸ்வரம் வாசிப்பார். இரண்டாவது மேலேயா கீழேயா என்று சொல்ல வேண்டும். இதுவரை வகுப்பில் இதைச் செய்ததே இல்லை, இன்றுதான் முதல் தடவை.

"ஜாஸ்மின், சுவத்தைப் பாத்து நில்லு பாப்பா."

நின்றாள்.

டீச்சர் இரண்டு கட்டையை அழுத்தினார். ஜாஸ்மின் எதுவும் சொல்லவில்லை. மறுபடி அழுத்தினார். ஜாஸ்மின் திரும்பி டீச்சரைப் பார்த்தாள். திரும்பக் கூடாது என்றார் டீச்சர். திரும்பிக்கொண்டாள். மறுபடி வாசித்தார். மறுபடி திரும்பினாள். ஒரு பிள்ளை சிரித்தது. அதைப் பார்த்து இன்னொன்றும் சிரித்தது.

அடுத்த தடவை, "மேல" என்றாள் ஜாஸ்மின். அப்போது டீச்சர் இன்னும் கட்டையைத் தொடவே இல்லை.

டீச்சரின் முகம் மாறியது. அவர் ஆகக் கீழே இருக்கிற கட்டையையும் ஆக மேலே இருக்கிற கட்டையையும் அழுத்தினார். சுவரைப் பார்த்து நின்ற பிள்ளையின் தோள் அசையவில்லை. "போதும் பாப்பா, வா" என்றார். வரவில்லை. "ஜாஸ்மின், வா" என்றார். அப்போதும் வரவில்லை.

ஹெப்சிபாவால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அத்தனை அம்மாக்களும் பார்க்கிறார்கள். எழுந்து போய்ப் பிள்ளையின் முதுகில் ஒரு அடி வைத்தாள். வலிக்கிற அடிதான்.

"டீச்சர் கூப்பிடுதது காதுல விழலையாட்டி?"

ஜாஸ்மின் திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா?" என்றாள்.

அதில் குறும்பும் இல்லை, பயமும் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

*

கல்பனா டீச்சர் மற்றவர்களைப் பத்து நிமிடம் கீழே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். பிறகு ஜாஸ்மினை எதிரில் உட்காரவைத்து, மேஜையில் கிடந்த பாட்டு நோட்டை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு, வழக்கமான குரலில் கேட்டார்.

"உன் செருப்பு என்ன கலர்?"

ஜாஸ்மின் பதில் சொல்லவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, நோட்டுக்குப் பின்னால் டீச்சரின் வாய் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

டீச்சர் நோட்டை இறக்கிவிட்டு அதையே கேட்டார். உன் செருப்பு என்ன கலர்.

"ரோஸ் கலர்" என்றாள் ஜாஸ்மின்.

டீச்சர் ஹெப்சிபாவைப் பார்த்தார். ஹெப்சிபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் தடவை கேட்டதற்குச் சொல்லாமல் இரண்டாவது தடவை சொல்கிறது, எப்போதும் இப்படித்தான் என்றாள்.

"அக்கா, ரெண்டாவது தடவை நான் சத்தமே போடல."

"போட்டீகளே. செருப்பு என்ன கலர்னு கேட்டீகளே."

"வாயை மட்டும்தான் அசைச்சேன். சத்தம் வரல. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

ஹெப்சிபா அப்படியே நின்றாள். டீச்சர் மறுபடி வாயை அசைத்தார். இந்தத் தடவை அவள் கவனித்தாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. டீச்சரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆனால் 'உக்காருங்க அக்கா' என்று அவர் சொன்னது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

உட்கார்ந்தாள்.

ரிங் பிரேம் ஓடுகிற இடத்தில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் கேட்காது. தோளைத் தட்டுவார்கள், எதிரே வந்து நிற்பார்கள், வாயைப் பெரிதாகத் திறந்து சத்தமில்லாமல் பேசுவார்கள். மூன்று மெஷின் வரிசை தள்ளி நிற்கிறவள் நேற்று என்ன குழம்பு வைத்தாள் என்பதுவரை வாயைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஹெப்சிபா பதினாலு வருடமாக அப்படிப் பேசுகிறாள். வீட்டிலும் அதுதான். பெலிக்ஸ் பகலில் தூங்குகிற வாரங்களில் அவன் எழுந்துவிடக் கூடாது என்று அம்மாவும் மகளும் நாள் முழுக்கக் குரலே இல்லாமல் பேசிக்கொள்வார்கள். எம்புட்டு அமைதியான பிள்ளை என்று ஞானபாக்கியம் மைனிகூடச் சொல்லியிருக்கிறாள்.

கூப்பிடுவதற்கு முன் தட்டுகிற வீட்டில், முகத்தைப் பார்த்தே பேசுகிற வீட்டில், பிள்ளைக்குக் கேட்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? டீவியைச் சத்தமாக வைக்கிறாள் என்றால், அப்பாவும் அம்மாவும்கூடச் சத்தமாகத்தான் வைக்கிறார்கள். மில்லுக்கும் தறிக்கும் போகிற யாருக்கும் காது முழுசாகக் கேட்காது.

பள்ளியில் மிஸ் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பாடம் சொல்வார்கள். இவள் கடைசி பெஞ்சு. அங்கே இவளுக்கு வெறும் முதுகுதான் தெரிந்திருக்கும்.

"எட்டு மாசமா நானும் எதிர்ல உக்காந்தே சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்றார் டீச்சர். குரல் இன்னும் கட்டிப் போயிருந்தது. "கையைப் பாத்து வாசிக்கிறாள்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. பாட்டு சொல்லித் தர்றவ நான்."

ஹெப்சிபா பர்சைத் திறந்து அந்த நோட்டீஸை எடுத்து மேஜை மேல் விரித்தாள். மடிப்பில் கிழிந்து மூளையின் நடுவே ஒரு ஓட்டை விழுந்திருந்தது.

"அப்போ இது?"

கல்பனா டீச்சர் அதைப் பார்த்தார்.

"எல்லாரும் போடுறாங்கன்னு நானும் போட்டேன் அக்கா. பாட்டு படிக்கிற பிள்ளைங்க உக்காந்து ஒரு வேலையைக் கவனமா செய்றாங்க. அதை நான் கண்ணால பாத்திருக்கேன். மூளை எம்புட்டு வளருதுன்னு அளந்து பாக்க எனக்கு என்ன தெரியும்? ஆனா ஒண்ணு சொல்றேன். சத்தம் உள்ள போகணும். அது போகாம பாட்டும் போகாது, பாடமும் போகாது. இவ மூளைல ஒரு குறையும் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. நம்ம வாயைப் பாத்தே இம்புட்டுப் பேச்சும் படிச்சிருக்கு."

ஹெப்சிபா கடிதம் கேட்டாள். தான் டாக்டர் இல்லை, காது கேட்கவில்லை என்று எழுதித் தர முடியாது என்றார் டீச்சர். சளி அடைத்திருக்கலாம், வேறு ஏதாவது இருக்கலாம், நாமாக முடிவு செய்யக் கூடாது, காது டாக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்றார். ஆனால் இன்று தான் பார்த்ததை அப்படியே எழுதித் தருவதாகச் சொல்லி, பாட்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தார். முதுகைக் காட்டி நின்றபோது நடந்தது, வாயை மறைத்தபோது நடந்தது, சத்தமில்லாமல் கேட்டபோது நடந்தது. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டார்.

*

திரும்பி வருகிற பஸ்ஸில் ஹெப்சிபா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையை இந்தப் பக்கம் உட்காரவைத்தாள். முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரித் திரும்பி உட்கார்ந்தாள்.

"முதுகு வலிக்கா?" என்று கேட்டாள்.

"லேசா. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. அம்மாதான் பண்ணேன்."

"சரி" என்றாள் ஜாஸ்மின். பிறகு முறுக்கு வேண்டும் என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டாகியிருந்தது. பாய் சுருட்டி வைத்திருந்தது. பெலிக்ஸ் நல்ல சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தூங்கியிருக்கிற முகம் இல்லை அது. ஹெப்சிபா அலமாரிக்குப் போய்ப் பைபிளைத் தூக்கிப் பார்த்தாள். தாள் இல்லை.

"குடுத்துட்டு வந்துட்டேன்" என்றான் பெலிக்ஸ்.

சனிக்கிழமை ஒரு மணி வரை ஆபீஸ் உண்டு, பிள்ளைகள் இருக்காது, மற்ற தாய் தகப்பன்மார் இருக்க மாட்டார்கள், திங்கட்கிழமை என்றால் எல்லார் முன்னாலும் நின்று கொடுக்க வேண்டும், அதனால் இன்றைக்கே போய்விட்டேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கிளார்க் தாளைப் பார்த்துவிட்டு, காரணம் எழுதவில்லையே என்று பேனாவைக் கொடுத்தானாம்.

"என்ன எழுதினீக?"

"மூளை வளர்ச்சி பத்தாதுன்னு எழுதினேன்."

ஹெப்சிபா பைபிளை அலமாரியில் திரும்ப வைத்தாள்.

"எனக்கு வேற என்ன எழுதத் தெரியும்? நீதானே எட்டு மாசமா மூளை வளர்ச்சி, மூளை வளர்ச்சின்னு சொல்லிக்கிட்டு இருக்க. எனக்கு அந்த வார்த்தைதான் வந்துச்சு."

அவள் டீச்சரின் தாளை அவனிடம் நீட்டினாள். அவன் எழுத்துக் கூட்டுகிற வேகத்தில் படித்தான். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தான். ஜாஸ்மின் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

"வண்டில பின்னால உக்காந்து வருவால்லா" என்றான் தாளை மடித்துக்கொண்டே. "நான் பேசிக்கிட்டே ஓட்டுவேன். ஒரு நாள்கூட பதில் சொன்னதில்ல. காத்துச் சத்தத்துல கேக்கல போலன்னு நெனச்சேன்."

உடனே எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வரச் சொன்னார். கிளார்க்குக்குப் போன் போட்டான். தாள் பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டென்ட் சார் மேஜைக்குப் போய்விட்டது, எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான், மற்றதை சார்தான் சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது.

அவன் திரும்பி வருவதற்குள் ஞானபாக்கியம் ஒரு கிண்ணத்தில் குழம்போடு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். ஜாஸ்மின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு ஹெப்சிபாவிடம், காது என்று வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள்.

"பொம்பளப் பிள்ளை. நாளைக்குப் பொண்ணு கேட்டு நாலு பேரு வருவாக. அவுக காதுல விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"மூளை பத்தாதுன்னு உங்க தம்பி கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டு வந்திருக்காக மைனி. இதுக்கு மேலயா?"

ஞானபாக்கியம் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

*

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் பின்வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். சண்டை இல்லை. சண்டை போடுகிற தெம்பு இரண்டு பேருக்கும் இல்லை.

திங்கட்கிழமை போய், மனசு மாறிவிட்டது, தாளைத் திருப்பித் தாருங்கள் என்று மட்டும் கேட்போம் என்றான் பெலிக்ஸ். காதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. சொன்னால், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேறு பள்ளி இருக்கிறது, அங்கே போங்கள் என்பார்கள். மூளை என்று சொல்லித் தள்ளினவர்கள் காது என்று சொல்லியும் தள்ளுவார்கள். டாக்டர் பார்த்து, டெஸ்ட் எடுத்து, சீட்டு கையில் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஹெப்சிபா அது முடியாது என்றாள். டெஸ்ட் எடுத்துச் சீட்டு வர எத்தனை நாளாகும் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை பிள்ளை அதே கடைசி பெஞ்சில் மிஸ் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? சொன்னால்தானே முன் பெஞ்சில் உட்காரவைப்பார்கள், முகத்தைப் பார்த்துப் பாடம் சொல்வார்கள்? காரணம் சொல்லாமல் கேட்டால் தாளைத் தருவார்களா? அதில் எழுதியிருப்பதே உண்மை என்று வைத்துக்கொள்ள மாட்டார்களா?

"சொன்னா தள்ளிருவாக" என்றான் அவன்.

"சொல்லாட்டி அங்க உக்காந்தே படிப்புல தள்ளிப் போயிருவா" என்றாள் அவள்.

அப்போது ஜாஸ்மின் உள்ளே இருந்து வருவது தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், சொல்லி வைத்த மாதிரி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பிள்ளைக்குத் தெரியாமல் பேச இனிமேல் இதுதான் வழி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பெலிக்ஸ், "சரி, நீயே சொல்லு, என்ன செய்ய?" என்றான்.

ஜாஸ்மின் ஒரு நிமிடம் அவர்கள் முதுகைப் பார்த்து நின்றாள். பிறகு இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து, சுவருக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்த ஒரு முழ இடத்தில் உட்கார்ந்து, அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பேசுதீக?"

இரண்டு பேர் வாயும் அசையவில்லை.

இதற்கு மேல் எனக்கும் எழுத வரவில்லை. பெலிக்ஸ் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஹெப்சிபா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு அந்த ஆபீஸில் காது என்று சொல்லலாமா, டாக்டர் சீட்டு வரும்வரை மறைக்கலாமா? உங்கள் வீட்டிலோ தெரிந்த வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால், நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னீர்களா, சொல்லவில்லையா, அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள். நாலு வரி போதும்.